"ம்" கொட்டுகிறவர்கள்

நாலு பேர் கூடிப் பேசும்போது பேச்சு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைப் பேசுகிறவர் முடிவு செய்வதில்லை. "ம்" கொட்டுகிறவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

ஈரோடு மாவட்டத்தில் கோபி பக்கம் ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். பெரியவர் ஒருத்தர் மஞ்சள் விலை, கீழ்பவானி வாய்க்கால் தண்ணி, பேரனின் காலேஜ் என்று மூன்றையும் கலந்துகட்டிப் பேசுவார். தண்ணிக்கு மட்டும் "அட ஆமாங்க" என்று நாலு தலை ஆடும். அவ்வளவுதான், கடைமடை வரைக்கும் போய்த்தான் நிற்பார். பேரன் அம்போ. பக்கத்தில் ஒரு பையன் சொட்டுநீர் பற்றி உருப்படியாக ஏதோ ஆரம்பிப்பான். ஒருத்தரும் திரும்பமாட்டார்கள். இன்னொரு தடவை முயன்றுவிட்டு செல்போனை எடுத்துக்கொள்வான். "இந்தக் காலத்துப் பசங்களுக்குக் கவனமே இல்லைங்க" என்று அப்புறம் அவனையே வைவோம்!

1955-ல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் வெர்பிளாங்க் இதைச் சோதித்து எழுதினார். மாணவர்களைக் கொண்டு மற்றவர்களிடம் சாதாரணமாகப் பேச்சுக் கொடுக்க வைத்தார். முதல் 10 நிமிடம் சும்மா பேச்சு. அடுத்த 10 நிமிடம், எதிரில் இருப்பவர் கருத்து என்று எதைச் சொன்னாலும் ஆமோதிப்பு. கடைசி 10 நிமிடம் அதை நிறுத்திவிட்டார்கள். ஆமோதித்தபோது கருத்துகள் கூடின, நிறுத்தியதும் குறைந்தன. தன்மேல் சோதனை நடக்கிறதென்றே பேசியவர்களுக்குத் தெரியாது.

அது இரண்டு பேர் பேச்சு. கூட்டம் என்றால் இன்னும் மோசம் என்பேன். ஒருத்தர் தலையாட்டும் பக்கமே மற்றவர்களின் கண்ணும் போகும். எங்கள் ஊர்க் கூட்டத்தில் பெண்கள் பேச எழுந்தால் போதும், பாதிப் பேருக்குத் தோட்டத்தில் மோட்டார் போட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்துவிடும்.