அந்தக் காலத்தில் ஒரு கோடு

"கோடு போட்டுடும்மா."

நான் சொன்ன பதில் இவ்வளவுதான். அதற்கப்புறம் பேசியதெல்லாம் பிரசங்கம். படிவத்தில் பொருந்தாத காலத்தில், அதாவது கட்டத்தில், கோடு போடுவது அலுவலகத்தில் முதல் வாரமே கற்றுக்கொடுக்கிற சங்கதி. காலியாக விட்டால் ஏ.ஜி. ஆபீஸிலிருந்து (பென்ஷனை அங்கீகரிக்கிற மாநிலக் கணக்காயர் அலுவலகம்) குறிப்புரையோடு திரும்பி வரும். 37 வருடத்தில் எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு தடவை சொன்னது மட்டும் மனதை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

2024 மே 31 எனக்குக் கடைசி நாள். (எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி.) மார்ச் மாதமே என் பென்ஷன் ப்ரொபோசலைத் தயார் செய்ய ஆரம்பித்தார்கள். பிரிவுக்கு வந்து ஆறேழு மாதமே ஆகியிருந்த இளநிலை உதவியாளரிடம் அந்த வேலை போனது. பி.இ. படித்த பெண். பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும் என்கிற குரூப் 4 தேர்வை மூன்று முறை எழுதி உள்ளே வந்தவள்.

அன்றைக்கு அவள் என்னுடைய கூட்டுப் புகைப்படத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள். நானும் என் மனைவியும் விறைப்பாக நிற்கிற படம். மூன்று பிரதி. ஸ்கேல் வைத்து ஓரம் பார்த்து, கோந்து என் மனைவியின் முகத்தில் வழியாமல் விரலால் துடைத்துத் துடைத்து ஒட்டினாள். அப்புறம் குடும்ப விவரப் பக்கத்துக்கு வந்தாள். குடும்ப ஓய்வூதியம் பெறத் தகுதியுள்ளவர் என்ற இடத்தில் என் மனைவியின் பெயரையும் இனிஷியலையும் பணிப்பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். விரல் அங்கேயே நின்றது.

"சார், எங்களுக்கு இந்த ஃபார்ம் வரும்போது இந்தக் காலத்துல என்ன சார் எழுதறது?"

கோடு போட்டுடும்மா என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். சிரித்ததை எப்படி முடிப்பது என்று தெரியாமல் ஆரம்பித்துவிட்டேன். நாங்கள் என்ன சும்மாவா வாங்கினோம், 2003 இல் வீட்டுக்கு அனுப்பினார்களே அப்போது நீ எல்.கே.ஜி.கூடப் போயிருக்க மாட்டாய், கார்பன் வைத்து ஏழு பிரதி அடித்தோம், ஒரு எழுத்து பிசகினால் ஏழிலும் ரப்பர் போட்டு அழிக்க வேண்டும், உங்களுக்கு எல்லாம் கம்ப்யூட்டர், இப்போதெல்லாம் மகப்பேறு விடுப்பே ஒரு வருஷம். இப்படிப் பத்து நிமிடம். எல்லாவற்றுக்கும் அவள் சொன்னது, "சரிங்க சார்."

அது கேள்வியா குத்தலா என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒரு நாள் நினைத்தால் குத்தல் மாதிரி இருக்கிறது. இன்னொரு நாள், புதிதாக வந்த பெண் விதி தெரியாமல் கேட்டதாகவே படுகிறது. குத்தல் என்றால் என் பிரசங்கத்தில் பாதியாவது நியாயம். வெறும் கேள்வி என்றால் நான் செய்தது அசிங்கம்.

கேள்வியாகவே வைத்துக்கொண்டாலும் என் பதில் தப்பு. அன்றைய விதிப்படி அவளுக்கு அந்த ஃபார்மே வராது. 1.4.2003 அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்தவர்களுக்கு அப்போது இருந்தது பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் மாதம் 10 சதவீதம் பிடித்தார்கள், அதே அளவு அரசு போட்டது, சேர்ந்த தொகை கடைசியில் கைக்கு வரும் என்பது கணக்கு. எனக்கு வருகிற மாதிரி கடைசிச் சம்பளத்தில் பாதி என்பது அதில் கிடையாது. எனக்குப் பிறகு என் மனைவிக்கு வரப்போகிற குடும்ப ஓய்வூதியம் என்ற இனமே அந்தத் திட்டத்தில் இல்லை. பென்ஷன் சீட்டில் நாலு வருடம் உட்கார்ந்தவன் நான். இதைப் பொறுமையாக உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். "உங்களுக்கு வேற படிவம்மா" என்றாவது சொல்லியிருக்கலாம்.

சரி, என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2003 ஜூலையில் ஓய்வூதியப் பலன்களில் கை வைத்ததை எதிர்த்துத்தான் வேலைநிறுத்தம் செய்தோம். அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான டெஸ்மா பாய்ந்தது. சுமார் 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் டிஸ்மிஸ் செய்தார்கள். அதில் நானும் ஒருவன். வீட்டில் இரண்டு பிள்ளைகள். வாரக்கணக்கில் காலையில் குளித்துவிட்டு எங்கே போவதென்று தெரியாமல் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமை கிடையாது என்றது, ஆனால் பெரும்பாலானவர்களை அரசு திரும்ப எடுத்துக்கொள்வதையும் பதிவு செய்தது. அன்றைக்கு எங்கள் தெருவில் எங்களைப் போல இன்னும் மூன்று குடும்பம். ராத்திரி வெகுநேரம் வாசலில் பேசிக்கொண்டிருந்தோம்.

பல வருடம் கழித்து, பென்ஷன் சீட்டுக்கு வந்த பிறகு, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின் அரசாணையை ஒரு கோப்புக்காக எடுத்தேன். நிதித்துறை, அரசாணை எண் 259. நாள்: 6.8.2003.

தேதியை இரண்டு தடவை பார்த்தேன். அதே நாள். நாங்கள் வாசலில் உட்கார்ந்து வேலை திரும்பக் கிடைத்ததைப் பேசிக்கொண்டிருந்த அன்றைக்கே, இனிமேல் சேர்கிறவர்களின் கிழ வயதை ஒரு தாளில் எழுதி முடித்துவிட்டார்கள். அது ஏப்ரல் முதல் தேதியிலிருந்தே செல்லும் என்று பின்தேதி வேறு. 2001 இலிருந்து பெரும்பாலான பதவிகளுக்கு ஆள் எடுக்கத் தடை இருந்தது. புதிதாகச் சேர ஆளே இல்லாத நேரத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கான விதியை மாற்றினால் யார் கத்துவார்கள்? நாங்கள் கத்தியிருக்கலாம். வேலை போய்த் திரும்பி வந்தவனுக்கு அப்போது தொண்டையில் சத்தம் இல்லை என்பது உண்மை. இப்போது யோசித்தால், சத்தம் இருந்திருந்தாலும் அதற்காகக் கத்தியிருப்பேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என்னுடையது என் கையில் பத்திரமாக இருந்தது.

2019 ஜனவரியில் அரசு ஊழியர், ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ போராட்டம் நடந்தபோது பழைய ஓய்வூதியம்தான் பெரிய கோரிக்கை. மறியலுக்குப் போனவர்களில் நிறையப் பேர் 2003 க்குப் பிறகு சேர்ந்தவர்கள். நான் போகவில்லை. ஒரு தடவை சூடு கண்ட பூனை என்று எல்லோரிடமும் சொன்னேன். அதுவும் காரணம்தான். இன்னொரு காரணம், எனக்கு ஓய்வுக்குக் கொஞ்ச வருடம்தான் பாக்கி.

அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நான் சேரும்போது ஓய்வு வயது 58. அந்தக் கணக்கில் 2022 மே மாதமே நான் எழுந்திருக்க வேண்டும். 2020 இல் 59 ஆக்கினார்கள், 2021 இல் 60. இரண்டு வருடம் இனாமாகக் கிடைத்தது. முழுச் சம்பளம், அதையொட்டிக் கூடுதல் பென்ஷன். என் இடம் காலியாகியிருக்க வேண்டிய அந்த 2022 இல், 7,301 இடத்துக்கு அறிவித்து ஜூலை 24 அன்று நடத்திய குரூப் 4 தேர்வுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அதில் ஒருத்திதான் என் படத்துக்குக் கோந்து தடவினவள். என் இருக்கை நேராக அவளுக்குப் போகாது என்பது தெரியும், கண்காணிப்பாளர் எழுந்தால் உதவியாளர் ஏறுவார், உதவியாளர் இடத்துக்கு இளநிலை, அந்தச் சங்கிலியின் கடைசியில் ஒரு இடம் திறக்கும். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

ஆனால் நாங்கள் சுகவாசிகள் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். மகப்பேறு விடுப்பைப் பற்றி அந்தப் பெண்ணிடம் சொன்னது சும்மா இல்லை. தொண்ணூறுகளில் எங்கள் பிரிவில் ஒரு தட்டச்சர் இருந்தார். அப்போது 90 நாள்தான். தொண்ணூற்றொன்றாம் நாள் வந்து உட்கார்ந்தார். மதியம் மூன்று மணிக்கு ரவிக்கை நனைந்து, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு தட்டச்சு செய்வார். ரிக்கார்டு ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வருவார். நாங்கள் ஆண்கள் ஏழு பேரும் அந்த நேரத்துக்கு டீக்குப் போய்விடுவோம், அதுதான் எங்களுக்குத் தெரிந்த மரியாதை. 2011 இல் ஆறு மாதமானது, அப்புறம் ஒன்பது, 2021 இல் ஒரு வருடம். இதெல்லாம் பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்தது. இதை எந்தப் பக்கம் எழுதுவது?

அப்புறம், 'முந்தின தலைமுறை நன்றாக வாழ்ந்தது' என்கிறார்களே, யாருடைய முந்தின தலைமுறை? என் அண்ணன் தறி ஓட்டினார். அவருக்கும் ஏறக்குறைய 37 வருடம் சர்வீஸ். காது கேட்காமல் போனதுதான் அவருக்குக் கிடைத்த பணப்பலன். எங்கள் அப்பா சாகும் வாரம் வரை கூலிக்குப் போனார். பென்ஷன் என்பது எங்கள் குடும்பத்தில் என்னோடு ஆரம்பித்து என்னோடு முடிகிறது. என் பையன் கணினி வேலையில் என்னைவிட மூன்று மடங்கு சம்பாதிக்கிறான், ராத்திரி பதினொரு மணிக்கும் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனிடம் ஓய்வுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டால் "பாத்துக்கலாம்பா" என்கிறான். அவன் நன்றாக இருக்கிறானா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தால் அது ஒரு பேச்சாக இருந்திருக்கும். நான் சொன்னது 2003 வீரக்கதை மட்டும். அதிலும் ஒன்றை விட்டுவிட்டேன். சும்மா எங்களைத் திரும்ப எடுக்கவில்லை. நிபந்தனையற்ற மன்னிப்பும், நடத்தை விதி 22 ஐ மீற மாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதிக்கொடுத்துத்தான் உள்ளே வந்தோம். இனிமேல் வேலைநிறுத்தம் செய்ய மாட்டேன் என்று அர்த்தம். நானும் எழுதினேன். மாதிரிக் கடிதத்தைப் பார்த்து, நல்ல கையெழுத்தில், ஒரு அடித்தல் இல்லாமல். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் கை நடுங்கியதால் அவருடையதையும் நானே எழுதிக்கொடுத்தேன். இதை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

2025 பிப்ரவரியில் பழைய ஓய்வூதியம், பங்களிப்பு ஓய்வூதியம், மத்திய அரசின் ஒருங்கிணைந்த ஓய்வூதியம் என்ற மூன்று திட்டங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க அரசு ஒரு குழு போட்டது. செய்தியைப் பார்த்ததும் அவள் ஞாபகம்தான் வந்தது. போன் செய்து, "பாத்தியாம்மா, குழு போட்டிருக்காங்க" என்று சொல்லலாமா என்று நினைத்தேன். எண் இருக்கிறது. செய்யவில்லை. குழுக்கள் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் இதற்குள் தெரிந்திருக்கும்.

கடைசி நாள் மதியம் நடந்ததைச் சொல்ல வேண்டும். மாலை, பொன்னாடை எல்லாம் நாலு மணிக்கு. அதற்கு முன்னால் என்னுடைய தன்விவரக் கோப்பை ஒரு தடவை புரட்டிப் பார்க்கலாம் என்று எடுத்தேன். ப்ரொபோசலுக்காக அவள் மேசையில் பத்து நாளுக்கு மேல் இருந்த கோப்பு. வந்தபோது பிய்ந்து தொங்கிய பழைய மட்டையை மாற்றி, புது டேக் போட்டு, எல்லாத் தாளுக்கும் பென்சிலால் பக்க எண் போட்டு வைத்திருந்தாள். நான் சேர்ந்த உத்தரவு 1. முதல் ஊதிய உயர்வு 4. புரட்டிக்கொண்டே வந்தேன். 63 இல் அந்தக் கடிதம் இருந்தது. மேல் ஓரத்தில் 63 என்று எழுதி, சின்னதாக வட்டமிட்டிருந்தாள். எல்லாப் பக்கத்திலும் அப்படித்தான் வட்டமிட்டிருந்தாள், இதில் மட்டும் அல்ல.

அந்த எண்ணை அவள் என்னிடம் கேள்வி கேட்டதற்கு முன்னால் போட்டாளா, அப்புறம் போட்டாளா என்பது தெரியவில்லை. கேட்க நினைத்து அவள் இருக்கையைப் பார்த்தேன். கூட்டத்துக்கு நாற்காலி எடுத்துப் போடப் போயிருந்தாள்.