மீதிக் கணக்கில் ஓடும் ஆறு

ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 700 மில்லிமீட்டர் இலைகள் வழியாகவும் ஈர மண்ணிலிருந்தும் ஆவியாகி வானத்துக்கே திரும்பிவிடுகிறது. எஞ்சிய 200 மில்லிமீட்டர்தான் ஓடையாகவும் ஆறாகவும் நிலத்தடி நீராகவும் நமக்குக் கிடைக்கிறது. மழை ஒரு துளியும் குறையாமல், ஆவியாகும் அளவு மட்டும் 5 சதவீதம் கூடினால் 700 என்பது 735 ஆகிறது, 200 என்பது 165 ஆகிறது. செடிகளின் பக்கத்தில் 5 சதவீதமாக இருந்த மாற்றம் ஆற்றின் பக்கத்தில் 17.5 சதவீத இழப்பாகிவிடுகிறது. ஆறு என்பது தாவரங்கள் எடுத்துக்கொண்டது போக எஞ்சும் மீதி. மீதியைக் கணக்கிடுகிறவர், முதலில் எடுத்துக்கொள்பவரின் கணக்கைச் சரியாகப் போட்டாக வேண்டும்.

இது எடுத்துக்காட்டுக்காகப் புனைந்த ஓரிடத்துக்கு மட்டும் பொருந்தும் செய்தி அல்ல. உலக நிலப்பரப்பு முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலும், பெய்யும் மழையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு ஆவியாகித் திரும்புகிறது. அதிலும் பெரும்பகுதி செடிகளின் நீராவிப்போக்கு. ஆனாலும் பருவநிலை மாற்றத்தால் நீர்வளம் என்ன ஆகும் என்று கேட்கும்போது, நம் கவனம் உடனே மழையின் மீதுதான் போகிறது. மழை கூடுமா, குறையுமா என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. நானும் இந்தத் துறைக்கு வந்த தொடக்கத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த நாட்களில் நான் ஓட்டிய நீரியல் மாதிரியில், அதாவது மழையையும் வெப்பத்தையும் கொண்டு ஆற்றோட்டத்தைக் கணக்கிடும் கணினிக் கணக்கில், தாவரம் என்பது பன்னிரண்டு எண்கள் கொண்ட ஒரு வரிசையாக மட்டுமே இருந்தது. மாதத்துக்கு ஓர் இலைப்பரப்புக் குறியீடு, அதாவது ஒரு சதுர மீட்டர் நிலத்தின் மேல் எத்தனை சதுர மீட்டர் இலை இருக்கிறது என்ற அளவு. எந்த ஆண்டாக இருந்தாலும், வறட்சி வந்தாலும் வெப்பம் ஏறினாலும், அந்தப் பன்னிரண்டு எண்களும் மாறாமல் திரும்பத் திரும்ப வரும். கடந்த காலத்தின் ஆற்றோட்டத்தோடு ஒப்பிட்டபோது மாதிரி நன்றாகவே பொருந்தியது. அதே மாதிரியில் நூற்றாண்டின் இறுதிக்கான வெப்பநிலையைக் கொடுத்தபோது, ஆறு பாதியாகச் சுருங்கியது. அந்த முடிவை நான் முழுமையாக நம்பி, அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதவும் செய்தேன்.

சில வாரங்களுக்குப் பிறகு, வேறு ஏதோ ஒரு பிழையைத் தேடி உள்ளீட்டுக் கோப்பை வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, 70 என்ற எண்ணில் என் கண் நின்றது. தண்ணீர் ஆவியாகும் வேகத்தைக் கணக்கிட உலகெங்கும் பயன்படும் சமன்பாட்டுக்கு, 1948இல் பென்மன் அடித்தளமிட்டார். செடி தன் இலைத்துளைகளால் காட்டும் தடையை 1965இல் மான்டெய்த் அதில் சேர்த்தார். ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண் அமைப்பு 1998இல் வெளியிட்ட பயிர்நீர்த் தேவைக்கான வழிகாட்டி, அதை ஒரு கற்பனைப் புல்வெளிக்கு வரையறுத்தது. புல்லின் உயரம் 12 சென்டிமீட்டர், நீராவி வெளியேற அது காட்டும் பரப்புத் தடை மீட்டருக்கு 70 விநாடி. என் கோப்பில் இருந்த 70 அதுதான். பாசனத்துக்கு எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று அன்றாடம் கணக்கிட மிகவும் பொருத்தமான அந்த எண்ணை, நான் நூற்றாண்டின் கடைசிவரை மாற்றாமல் கொண்டுபோயிருந்தேன். என் மாதிரியில் காற்று சூடாகிக்கொண்டே போனது. அந்தக் காற்றில் கரியமில வாயு கூடியிருக்கும் என்பது மட்டும் என் புல்லுக்குத் தெரியவே இல்லை.

ஏன் அது தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் இந்தத் துறையின் உயிர்நாடி. இலையின் அடிப்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. ஒவ்வொரு துளையையும் இரு காவல் செல்கள் திறந்து மூடுகின்றன. கரியமில வாயு உள்ளே போவதும் நீராவி வெளியே வருவதும் ஒரே வாசல் வழியாகத்தான். உணவு தயாரிக்க வாசலைத் திறந்தால் தண்ணீர் போகிறது. தண்ணீரைக் காக்க வாசலை மூடினால் ஒளிச்சேர்க்கை நின்றுபோகிறது. தொழில்மயத்துக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. வெளியில் வாயு செறிவாக இருந்தால், வாசலைச் சற்றே ஒருக்களித்து வைத்தும் செடி தனக்கு வேண்டியதைப் பெற்றுக்கொள்ள முடியும். திறந்த வெளியில் குழாய்களை வட்டமாக நிறுத்தி, பயிர்கள் மீதும் மரங்கள் மீதும் கரியமில வாயுவைக் கூடுதலாகச் செலுத்திப் பல ஆண்டுகள் நடத்திய சோதனைகளில், செறிவு 550 பங்கு அளவுக்கு உயர்ந்தபோது இலைத்துளைகளின் திறப்பு சராசரியாக 20 சதவீதம் அளவுக்குக் குறைந்ததைக் கண்டார்கள்.

ஆனால் வெப்பம் எதிர்ப்பக்கமாக இழுக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால், அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. 25 டிகிரியில், ஈரப்பதம் 60 சதவீதமாக இருக்கும்போது, காற்றின் நீராவிப் பற்றாக்குறை, அதாவது காற்று நிறைய இன்னும் எவ்வளவு நீராவி வேண்டும் என்ற அளவு, 1.27 கிலோபாஸ்கல். ஈரப்பதம் அதே 60 சதவீதமாகவே இருக்க, வெப்பம் 28 டிகிரியானால் அது 1.51 ஆகிறது. மூன்று டிகிரிக்குக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் தாகம். வாசல் சிறுத்தாலும் வெளியிலிருந்து உறிஞ்சும் வேகம் கூடுகிறது. காற்று மிகவும் வறண்டால் செடி அதற்காகவும் துளைகளை மூடிக்கொள்ளும். அப்போது தண்ணீர் மிஞ்சலாம், வளர்ச்சி நின்றுவிடும். ஒளிச்சேர்க்கையை 1980இல் ஃபார்குவாரும் அவருடைய சகாக்களும் சமன்பாடுகளாக எழுதியதும், 1987இல் பால், பெர்ரி ஆகியோரின் குழு இலைத்துளையின் திறப்பை அந்த ஒளிச்சேர்க்கையோடு இணைத்ததும் இந்த இழுபறியை எண்களில் பிடிப்பதற்கு வழிசெய்தன. இன்றைய நிலப்பரப்பு மாதிரிகள் பலவற்றின் அடியில் ஓடுவது இவ்விரண்டும் அவற்றின் வழிவந்தவையும்தான்.

அந்தச் சமன்பாடுகளைச் சேர்த்து மீண்டும் ஓட்டியபோது, என் ஆறு பாதியாகச் சுருங்கவில்லை. இழப்பு இருந்தது, ஆனால் முன்பு நான் எழுதியதைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. இது என் ஒருவருடைய தவறு மட்டும் அல்ல என்பதைப் பின்னர் அறிந்தேன். மில்லியும் டன்னும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, பருவநிலை மாதிரிகளின் வெப்பநிலையை எடுத்து வெளியே தனியாக ஆவியாதலைக் கணக்கிடும் வழக்கமான முறைகள், கண்டங்கள் வறண்டுபோவதை மிகைப்படுத்திக் காட்டுகின்றன என்று சுட்டியது. அறிக்கையைத் திருத்தி அனுப்பினேன். அந்தத் திருத்தத்தை ஆறுதல் செய்தியாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற கவலை அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஏனென்றால் கணக்கு அங்கே முடியவில்லை.

ஒவ்வோர் இலையும் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கக் கற்றுக்கொண்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்படி மிஞ்சிய தண்ணீரைக் கொண்டு செடி இன்னும் கூடுதலான இலைகளை விட்டால் என்ன ஆகும்? 1982 முதல் 2009 வரையிலான செயற்கைக்கோள் பதிவுகளை ஆராய்ந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, உலகின் தாவரப் பரப்பில் 25 முதல் 50 சதவீத இடங்களில் பசுமை கூடியிருப்பதையும், அதற்குப் பெரும் காரணம் கரியமில வாயுவே என்று மாதிரிகள் காட்டுவதையும் பதிவு செய்தது. இலை ஒன்றுக்குச் செலவு குறைகிறது, இலைகளின் எண்ணிக்கை கூடுகிறது. மொத்தச் செலவு எந்தப் பக்கம் சாயும் என்பது இடத்தைப் பொறுத்தது. ஏற்கெனவே அடர்ந்திருக்கும் ஈரக்காட்டில் புதிய இலைகள் நிழலில்தான் அமையும், ஆகவே சிக்கனத்தின் பலன் ஆற்றுக்கு வந்து சேர வாய்ப்பு உண்டு. வறண்ட நிலத்தில் தாவரம் கிடைக்கிற தண்ணீரையெல்லாம் பயன்படுத்திக்கொள்ளும். அங்கே சேமிப்பு முழுவதும் புதிய இலையாக மாறிவிடுகிறது, ஓடையில் ஒன்றும் கூடுவதில்லை. குளிர் நாடுகளில் இன்னொரு சிக்கல்: வசந்தம் முன்கூட்டியே வந்து இலைகள் சீக்கிரம் துளிர்த்தால், கோடைக்கென மண்ணில் இருக்க வேண்டிய ஈரம் முன்னதாகவே செலவாகிவிடுகிறது.

பசுமை இப்படியே கூடிக்கொண்டு போகும் என்று மாதிரியில் எழுதிவிடுவதும் பிழைதான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் மரங்களுக்குக் கூடுதல் கரியமில வாயு கொடுத்து நடத்திய சோதனையில், தொடக்க ஆண்டுகளில் 24 சதவீதமாக இருந்த கூடுதல் உற்பத்தி 2008இல் 9 சதவீதமாக இறங்கியது. மண்ணில் நைட்ரஜன் போதவில்லை. ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு அருகே, பாஸ்பரஸ் குறைந்த மண்ணில் வளர்ந்து முதிர்ந்த யூகலிப்டஸ் காட்டில் 2012இல் தொடங்கிய சோதனையில், மரங்கள் கூடுதல் கரியமிலத்தை உள்வாங்கிக்கொண்டன, ஆனால் தண்டு பருக்கவில்லை. பசித்த மண்ணில் நிற்கும் மரத்துக்கு வெறும் காற்று எவ்வளவு காலம் சோறு போடும்? சத்துகளின் சுழற்சியைச் சேர்க்காத மாதிரி, வருங்காலக் காடுகளைத் தாராளமாக வளர்த்துவிடுகிறது. அதன் மூலம் கரியமிலக் கணக்கையும் நீர்க் கணக்கையும் ஒருசேரக் கெடுக்கிறது.

இவ்வளவையும் சேர்த்த பிறகும் என்னைத் தூங்கவிடாத கேள்வி, மாதிரியைப் பழைய தரவோடு பொருத்தும் முறை பற்றியது. நாங்கள் வழக்கமாகச் செய்வது இதுதான்: ஆற்றோட்டப் பதிவின் ஒரு பகுதியை எடுத்து, மாதிரியின் அளவுருக்களைத் திருகி, பொருத்தத்தை அளக்க 1970இல் நாஷும் சட்கிளிஃபும் தந்த குறியீடு, முழுப் பொருத்தத்தைக் குறிக்கும் 1 என்ற எண்ணுக்கு அருகில் வரும்வரை பொருத்துகிறோம். மண் எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைக்கும், வேர் எவ்வளவு ஆழம் போகும் என்பவற்றையெல்லாம் இந்தத் திருகலே தீர்மானித்துவிடுகிறது. என் பன்னிரண்டு எண் மாதிரி நன்றாகப் பொருந்தியதும் இதனால்தான். செடியில் இருந்த பிழையை, மண்ணின் அளவுரு சத்தமில்லாமல் ஈடுகட்டிக்கொண்டிருந்தது. கடந்த காலத்தில் அந்த ஈடு செல்லும். பருவநிலை மாறிய பின் செல்லாது.

தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் 1997 தொடங்கி பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த வறட்சி இதைக் கண்முன் காட்டியது. அங்கே பல நீர்ப்பிடிப்புப் பகுதிகளில், மழைக் குறைவை மட்டும் வைத்து எதிர்பார்த்ததைவிட ஆற்றோட்டம் மிகவும் அதிகமாகக் குறைந்தது. அதைவிடக் கவலை தருவது பின்னர் நடந்தது. வறட்சி முடிந்து ஏழு ஆண்டுகள் ஆன பின்னும், விக்டோரியா மாநிலத்தில் ஆராயப்பட்ட பகுதிகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று 2021இல் ஓர் ஆய்வு வெளியானது. மழை திரும்பியது, ஆறு திரும்பவில்லை. பெய்யும் மழையில் தாவரங்கள் எடுத்துக்கொள்ளும் பங்கு கூடியிருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்கள் தரும் விளக்கம். ஈரமான ஆண்டுகளில் பொருத்திய மாதிரி எதுவும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

இதற்கு ஒரு சோதனை முறையை கிளெமெஷ் என்ற நீரியலாளர் 1986லேயே எழுதிவைத்தார்: மாதிரியை ஈரமான ஆண்டுகளில் பொருத்து, வறண்ட ஆண்டுகளில் சோதி, பிறகு அதையே மாற்றிச் செய். செலவில்லாத, எளிய முறை. இருந்தும் பலர் இதைச் செய்வதில்லை. செய்தால் குறியீடு இறங்கிவிடுகிறது என்பதே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த இறக்கம்தான் நாம் அறிய வேண்டிய செய்தி. ஆற்றோட்டத்தோடு மட்டும் நிறுத்தாமல், செயற்கைக்கோள் காட்டும் இலைப்பரப்போடும், கோபுரங்களில் கருவிகளைப் பொருத்தி அளக்கும் நீராவியோடும், 2002 முதல் 2017 வரை கிரேஸ் செயற்கைக்கோள்களும் 2018 முதல் அவற்றின் வழிவந்தவையும் நிலத்தின் ஈர்ப்பு விசையைக் கொண்டு கணித்துத் தரும் மொத்த நீர் இருப்போடும் ஒப்பிட்டால், ஒரு பிழை இன்னொன்றின் பின்னால் ஒளிந்துகொள்வது கடினமாகிறது. நான்கு சாட்சிகளையும் ஒரே நேரத்தில் ஏமாற்றுவது, ஒரே சாட்சியை ஏமாற்றுவதுபோல் எளிதல்ல.

காடு வளர்த்தால் ஆறு பெருகும் என்ற நம்பிக்கையோடு என்னிடம் பேசுகிறவர்கள் உண்டு. மரத்தின் மீது அவர்கள் வைத்திருக்கும் அன்பு எனக்கும் உண்டு. ஆனால் 1982இல் பாஷும் ஹியூலெட்டும் 94 நீர்ப்பிடிப்புப் பகுதிகளின் சோதனை முடிவுகளைத் தொகுத்தபோது, பைன், யூகலிப்டஸ் காடுகளின் பரப்பு 10 சதவீதம் மாறினால் ஆண்டு நீர்வரத்து சராசரியாக 40 மில்லிமீட்டர் எதிர்த்திசையில் மாறுவதைக் கண்டார்கள். மண்ணைக் காக்கவும் வெள்ளத்தின் வேகத்தைத் தணிக்கவும் நிழலுக்கும் உயிரினங்களுக்கும் காடு வேண்டும். அதற்குத் தண்ணீரில் ஒரு விலை உண்டு என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு நடுவதே நேர்மை.

இப்போது ஒவ்வொரு நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் மாதிரியை மூன்று முறை ஓட்டுகிறேன். முதல் ஓட்டத்தில் இலையும் இலைத்துளையும் மாறாமல் நிற்கும். இரண்டாவதில் இலைத்துளை மட்டும் கரியமில வாயுவுக்கும் வறண்ட காற்றுக்கும் ஏற்ப மாறும். மூன்றாவதில் மண்ணின் சத்து அனுமதிக்கும் அளவுக்கு இலைப்பரப்பும் வளரும், தண்ணீர் போதாவிட்டால் உதிரும். மூன்று முடிவுகளையும் பக்கம் பக்கமாக ஒரே அட்டவணையில் வைத்து, வறண்ட ஆண்டுகளில் மாதிரி எவ்வளவு பிழை செய்தது என்பதை நான்காவது கட்டத்தில் எழுதுகிறேன். அணையின் அளவையோ பாசனப் பரப்பையோ முடிவு செய்ய வேண்டியவர்கள் ஒரே எண்ணைத்தான் கேட்கிறார்கள். அட்டவணையை அவர்கள் முன் விரித்து, அந்த மூன்று எண்களும் எந்த இடத்தில் பிரிகின்றன என்பதை விரல் வைத்துக் காட்ட எனக்கு அரை மணி நேரம் போதுமானதாக இருக்கிறது.