பேசிக்கொண்டே நட

மே 3, சனி

பேரனைக் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிட்டு வந்தோம். பத்து வயது, 140 செ.மீ. உயரம், 48 கிலோ. அவன் பின்கழுத்தில் படிந்திருக்கும் கறுப்பு நிறத்தை என் மகள் ஆறு மாதமாகக் கடலை மாவு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அது அழுக்கில்லை அம்மா, தேய்க்காதீர்கள். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது இப்படிக் கறுப்பதுண்டு" என்று சொல்லி இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார் மருத்துவர். ஆட்டோவில் மகள் வாயைத் திறக்கவில்லை. "எரிகிறது என்று சொன்னேனே, கேட்டாயா?" என்றான் பையன்.

எடையைக் குறைக்கிறேன் என்று பட்டினி போட வேண்டாமாம். ஏறாமல் பார்த்துக்கொண்டால் உயரம் வளர வளரக் கணக்கு நேராகிவிடுமாம். ஓடியாட வைக்கும் பொறுப்பு மட்டும் என்னுடையது. முப்பத்தோரு வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? இரவே நோட்டில் கட்டம் போட்டுவிட்டேன்: ஓட்டம், கயிறு தாண்டுதல் 50, தோப்புக்கரணம் 20.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று தொடக்கம். வெயிலுக்கு முன்பே முடித்துவிடலாம் என்று ஐந்தரைக்குப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்குப் போனோம். ஏழரை வரை வண்டிகள் வராது. காந்தி சிலையிலிருந்து தெற்கே டூப்ளே சிலை வரை ஓடு என்றேன். பாதி தூரம் கூடத் தாண்டவில்லை, விலாவைப் பிடித்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டான். காது மடல் வரை சிவந்திருந்தது.

வீட்டுக்கு வந்து தோப்புக்கரணம் என்றதும், "அது தண்டனைதானே தாத்தா? ஓடாததற்கா?" என்று கேட்டான்.

எத்தனை பையன்களுக்கு நானே போடச் சொல்லியிருக்கிறேன்! நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

மே 6, செவ்வாய்

புதுக் கட்டம். நடை மட்டும், 12 நிமிடம். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் உழைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது போய்ச் சேர வேண்டிய ஊர், புறப்படும் இடமல்ல. வாரத்துக்கு நாலைந்து நிமிடம் கூட்டுவதாகத் திட்டம்.

வேகத்துக்கு ஒரே அளவுகோல்: நடக்கும்போது பேச வர வேண்டும், பாட வரக் கூடாது. பேச்சு அறுந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். 'வரிசையில் பேசாதே' என்று விசில் ஊதியே ஓய்வு பெற்றவன், இப்போது 'பேசுடா, பேசு' என்று கெஞ்சிக்கொண்டு நடக்கிறேன். அவனும் நேற்றைய கிரிக்கெட் ஆட்டத்தைப் பந்துக்குப் பந்து சொல்கிறான். நடையை விட அதுதான் எனக்குக் களைப்பு.

கயிற்றைப் பரணில் போட்டாயிற்று. குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் முழங்காலில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விழும், அது பிறகு. தசைக்கு, வாரம் மூன்று நாள், கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 8 முறை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது 6 முறை. தொடை உரசிப் புண்ணாகியிருப்பதை இன்றுதான் காட்டினான். ஞாயிறன்று உட்கார்ந்ததற்கு அதுவும் காரணமாம். உள்ளே ஒட்டினாற்போல ஒரு கால்சட்டை வாங்கினோம், மேலுக்குத் தேங்காய் எண்ணெய்.

மே 9, வெள்ளி

முழங்கால் வலிக்கிறது என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. எடை கூடிய பிள்ளைகளுக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதி இடுப்பு மூட்டில் நழுவுவதுண்டு. கோளாறு இடுப்பில் இருக்க, வலி முழங்காலில் தெரியும். நொண்டினால் ஒரு நாள் கூடத் தள்ளிப்போடாமல் கூட்டி வரும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். கூடத்தில் நாலு முறை நடக்கவிட்டு, குனிந்து குனிந்து பார்த்தேன். நொண்டவில்லை. பிறகுதான் கட்டில் காலில் இடித்துக்கொண்ட கதை வெளிவந்தது. நீலம் பாரித்திருந்தது.

மே 18, ஞாயிறு

20 நிமிடம். திரும்பும் வழியில் பேச்சு நின்றுவிட்டது. மூச்சு வாங்குகிறதோ என்று வேகத்தைக் குறைத்தேன். மூச்சு சீராகத்தான் இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும், "லட்சுமி நடந்துகொண்டிருந்தபோதுதானே செத்துப்போனது?" என்றான்.

மணக்குள விநாயகர் கோயில் யானை. 2022 நவம்பர் 30ஆம் தேதி, காலை நடையின்போதுதான் சுருண்டு விழுந்தது. ஊரே அழுதது. ஆமாம் என்றேன்.

"வகுப்பில் என்னை லட்சுமி என்றுதான் கூப்பிடுகிறார்கள்."

மருத்துவர் கேட்டபோதும், அவன் அம்மா கேட்டபோதும் சொல்லாதது. பள்ளி மைதானத்துக்கு ஏன் போவதில்லை என்று நானும் நூறு முறை கேட்டிருப்பேன். "எத்தனை நாளாக?" என்றேன். "மூன்றாம் வகுப்பிலிருந்து." எனக்குத்தான் அதற்குமேல் பேச்சு வரவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

மாதம் ஒரு முறைதான் எடை பார்ப்பது என்று ஒப்பந்தம். 48.1. மகளுக்கு முகம் வாடிவிட்டது. "ஒரு மாதம் நடந்து நூறு கிராம் ஏறியிருக்கிறதே அப்பா!" அந்த இயந்திரத்தை ஜன்னல் வழியாக எறியலாம் போலிருந்தது எனக்கு. 12 நிமிடம் 28 ஆகியிருப்பதும், நாற்காலிக் கணக்கு 8 போய் 14 ஆகியிருப்பதும் அதில் தெரியாது.

இன்று நடை முடிந்து, அவனாகவே மணக்குள விநாயகரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றான். லட்சுமி அப்போதெல்லாம் நின்ற இடத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்தான். உள்ளே வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர், எல்லோரும் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார்கள். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன் காதைப் பிடித்தான். நான் தூணைப் பார்ப்பது போல நின்றேன்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, "பதினொன்று. நோட்டில் எழுதுவீர்களா?" என்றான்.