பெற்ற அம்மாவா, சித்தியா?

"பெத்த அம்மா பிள்ளைங்கள காட்டுல விட்டுட்டு வருவாளா? சித்தியா மாத்திருங்கக்கா. ஜனங்க திட்டுறதுக்கும் வசதி." கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை), என் தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீர், ஆறிப்போகிற வரைக்கும் தயாரிப்பாளர் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பழைய தேவதைக் கதைகளை நம்மூர் நாடகமாக, எபிசோடுக்கு ஒரு கதை என்று எழுதித் தருகிறேன். முதல் கதை ஹான்சலும் கிரெட்டலும்: பசிக்கொடுமையில் வீட்டார் காட்டில் விட்டுவிட்டு வரும் அண்ணன் தங்கை, ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதை. விளம்பரம் போக 22 நிமிடம். ஜெர்மன் காட்டைப் பந்திங் பக்கத்துச் செம்பனைத் தோட்டமாக்கினேன். நான் வளர்ந்ததே அப்படியொரு தோட்டத்தில்தான். எந்த வரிசைக்குள் நுழைந்தாலும் ஒரே மாதிரி இருக்கும், பெரியவர்களுக்கே வழி தப்பும். கிரிம் கதையில் பையன் ரொட்டித் துணுக்குகளைப் போட்டுக்கொண்டே போவான், பறவைகள் தின்றுவிடும். என் பையன் போடுவது செம்பனையின் உதிரிப்பழம். பின்னாலேயே ஒரு பாட்டி, தலையில் துண்டும் கையில் சாக்குமாக, ஒன்று விடாமல் பொறுக்கிக்கொண்டு வருகிறார். சாக்குக்கு இவ்வளவு என்று கூலி, விடுவாரா? எழுதிவிட்டு நானே சிரித்தேன்.

சரி, சித்திக்கு வருவோம். கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்டபோது அவள் பெற்ற தாய்தான். 1840 பதிப்பில்தான் மாற்றாந்தாய் ஆனாள். ஸ்னோ ஒயிட்டிலும் அதே கதை: 1812இல் மகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் சொந்த அம்மா, 1819இல் மாற்றாந்தாய். நம் தயாரிப்பாளருக்கு முன்னோடிகள் பெரிய ஆட்கள்! ஆனால் வீட்டில் சாப்பிட ஒன்றுமில்லை, கதை அங்கேதான் தொடங்குகிறது. சித்தி உள்ளே வந்தால் பசி வெளியே போய்விடும். அப்புறம் அவள் புருவத்தைத் தூக்குவாள், பின்னணி இசை இடிக்கும், எல்லாச் சீரியலும் மாதிரி ஆகிவிடும்.

இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சித்தின்னே இருக்கட்டும்கா" என்றார். இருந்துவிட்டுப் போகட்டும். அவள் அரிசி டின்னைக் கவிழ்த்துத் தட்டி, விழுந்ததைப் பொங்கி, பிள்ளைகள் தட்டில் மட்டும் போடுகிற காட்சியை வெட்ட விடவில்லை.

அடுத்தது ரபன்சல், வளர்த்தவள் கோபுரத்தில் அடைத்துவைத்த பெண்ணின் கதை. செந்தூலில் 17 மாடி ஃபிளாட், லிஃப்ட் பழுது. கோபுரம் கிடைத்துவிட்டது. 1812 பதிப்பில் அந்தப் பெண், உடுப்பெல்லாம் ஏன் இறுக்கமாகிறது என்று வளர்த்தவளிடம் கேட்பாள். வயிற்றில் பிள்ளை, அவளுக்குத்தான் தெரியாது. பின்னால் வந்த பதிப்பில் அந்த வரியைத் தூக்கிவிட்டார்கள். என் வசனத்தில் 14ஆம் பக்கத்தில் இருக்கிறது. தயாரிப்பாளர் நேற்று வரைக்கும் 9ஆம் பக்கத்தில்தான் இருந்தார்.