சாக்கே குடிக்க அரிசோனாவுக்கா போவது?

ஜப்பானிய அரிசி மதுவான சாக்கேயைக் குடிக்க, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள ஒரு சின்ன ஊருக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் அந்த வாடகைக் கார்க்காரரைத் திட்டித் தீர்த்துவிடுகிறேன். ஆன்லைனில் காட்டிய வாடகை ஒன்று, ஃபீனிக்ஸ் விமான நிலைய கவுன்ட்டரில் நீட்டிய பில் வேறு. இன்சூரன்ஸ், அந்த வரி, இந்த வரி, போதாததற்கு இரண்டாவது ஓட்டுநருக்குத் தனிக் கட்டணம். குடிக்கப் போகிறவன் நான்; திரும்பி ஓட்ட, குடிக்காத நண்பர் பெயரைச் சேர்த்தே ஆகவேண்டும். பகல் கொள்ளை!

பேசன் என்ற ஊர் வழியாக மலையேறி, பைன் காடுகளைத் தாண்டினால் ஹோல்புரூக். ஐயாயிரம் பேர்கூட இல்லாத ஊர். பழைய ரூட் 66 சாலை, கூம்பு வடிவ அறைகளோடு 1950-இல் கட்டிய விக்வாம் மோட்டல், கல்லாகிப்போன மரத்துண்டு விற்கும் கடைகள். இவற்றுக்கு நடுவில்தான் 'அரிசோனா சாக்கே' என்ற சாக்கே தயாரிப்புக்கூடம்.

இதை நடத்தும் அட்சுவோ சகுராய் ஜப்பானிலேயே சாக்கே வடிக்கும் தொழிலில் பழகியவர். அங்கே புதிதாக ஒருவர் உள்நாட்டு விற்பனைக்கு சாக்கே காய்ச்ச உரிமம் வாங்குவது நடக்காத காரியம். மனைவி நவாஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தவர். இருவரும் ஹோல்புரூக்குக்கு வந்துவிட்டார்கள். 2017-இல் வீட்டு கராஜில் தொடங்கினார். மறு வருடமே டோக்கியோ போட்டியில், ஜப்பானுக்கு வெளியே தயாராகும் சாக்கேக்களுக்கான தங்கம் கிடைத்தது.

பாலைவனத்தில் எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். வறண்ட காற்று இந்த வேலைக்கு நல்லதுதான். வேகவைத்த அரிசியின் மேல் கோஜி என்ற பூஞ்சையைத் தூவி வளர்க்கிறார்கள். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவது அதுதான். அரிசியின் வெளிப்பக்கம் காய்ந்திருந்தால் பூஞ்சை ஈரம் தேடிப் பருக்கைக்குள்ளே இறங்கும். ஜின்ஜோ என்ற உயர்ந்த வகைக்கு அப்படித்தான் இறங்க வேண்டும். அந்த வகைக்கு அரிசியில் குறைந்தது 40 சதவீதத்தைத் தீட்டித் தள்ளவும் வேண்டும். தவிட்டில்தான் சத்து என்று சொல்லும் என் பாட்டி காதில் இது விழக்கூடாது.

சரி, ருசிக்கு வருவோம். ஜின்ஜோ நன்றாக இருந்தது: வாயில் வைத்ததும் பழ வாசனை, விழுங்கியதும் சுத்தமாக முடிந்துவிடுகிறது. ஆனால் இவ்வளவு தூரம் போனதற்கு நியாயம் செய்தது நவாஹோ டீ சேர்த்த சாக்கே. மஞ்சள் பூப் பூக்கும் மெல்லிய காட்டுச்செடி அது. தண்டோடு பறித்து, மடக்கிக் கட்டி, சின்னச் சின்னக் கட்டுகளாகக் காயவைத்து, நவாஹோ வீடுகளில் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள். சாக்கேயில் சேரும்போது காய்ந்த வைக்கோல் வாசனையும் மெல்லிய இனிப்பும் வருகிறது. நல்ல ஜின்ஜோ பல ஊர்களில் கிடைக்கும், இது கிடைக்காது. இதில் ஒரு வேடிக்கை: நவாஹோ மக்களின் தன்னாட்சிப் பகுதியான நவாஹோ நேஷன் எல்லைக்குள், சூதாட்ட விடுதி போன்ற ஓரிரு இடங்கள் தவிர, மது விற்கத் தடை. ஹோல்புரூக் அந்த எல்லைக்கு வெளியே இருப்பதால் பிழைத்தது.

சாப்பாட்டை மறந்துவிட்டேனே! நவாஹோ டாகோ சாப்பிடாமல் வராதீர்கள். எண்ணெயில் பொரித்து உப்பிய ரொட்டி, தட்டை மறைக்கிற அளவு. அதன் மேல் பீன்ஸ், காரக் கறி, சீஸ், கீரை. ஓரம் மொறுமொறு, நடுவில் குழம்பு ஊறிப் பஞ்சு. ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்குப் போதும். அந்தப் பயணத்தில் பர்ஸுக்கு வலிக்காத ஒரே செலவு இதுதான்.

அப்புறம், பாட்டில் வாங்குகிறவர்களுக்கு: ஜின்ஜோ பாஸ்டுரைஸ் செய்யாதது, குளிரிலேயே இருக்கவேண்டும். கோடையில் போனால் வீட்டிலிருந்தே ஐஸ் பெட்டி கொண்டுபோங்கள். வழியில் பெட்ரோல் பங்க்கில் தெர்மாகோல் பெட்டிக்கும் ஐசுக்கும் நான் கொடுத்த காசில் இன்னொரு டாகோ சாப்பிட்டிருக்கலாம்.