எக்கோ திரையில் வந்த 28

மூன்று வாரமாக இருமல். படுத்தால் மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்தால் தேவலை. சளி என்றுதான் முதலில் மருந்து கொடுத்தார்கள். சாயங்காலமானால் கணுக்காலில் காலுறைத் தடம் பள்ளமாகப் பதிந்திருக்கும். அதை யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இதயம் நெஞ்சுக்கூட்டின் அகலத்தில் பாதிக்கு மேல் பிடித்திருந்தது. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. மறுநாளே எக்கோ, அதாவது இதயத்துக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்.

இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். அப்போதுதான் இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வரும், படம் தெளிவாக விழும். சில்லென்று ஜெல், விலா இடுக்கில் அழுத்தி நகரும் கருவி. டெக்னீஷியன் படத்தை நிறுத்தி, இடது கீழறை விரிந்தபோது ஒரு முறையும் சுருங்கியபோது ஒரு முறையும் உட்சுவரை ஒட்டிக் கோடு இழுத்தார். இரண்டு கோட்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. பம்பிங் 28 சதவீதம்.

நூற்றுக்கு 28 என்று மதிப்பெண் கணக்காக எடுத்துக்கொண்டு இரண்டு ராத்திரி தூங்கவில்லை. அது அப்படியில்லை. கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியே போகிறது என்பதுதான் அந்த எண். நல்ல இதயமே 55, 60, 65 என்றுதான் தள்ளும். நூறு யாருக்கும் கிடையாது. இந்த ஒரு வரியை அன்றே யாராவது சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் ஆதங்கம் உண்டு. இன்னொன்றும் அப்புறம்தான் தெரிந்தது: பம்பிங் சரியாக இருந்தாலும், சுவர் விறைத்து இதயம் விரிய மறுத்தால், அதுவும் எனக்கு வந்ததைப் போல இதயச் செயலிழப்புதான்.

இதய ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை. சரி, தசை ஏன் சோர்ந்தது? அதற்குத்தான் எம்.ஆர்.ஐ. மாத்திரையில் நீர் வடிந்து, மல்லாந்து படுக்க முடிந்த பிறகே அதற்கு அனுப்பினார்கள். தடதடவென்ற சத்தத்துக்கு நடுவே, "மூச்சை விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க" என்று குரல் வந்துகொண்டே இருக்கும். ஊசி வழியாக காடோலினியம் என்ற மருந்தை ஏற்றி, பத்து நிமிடம் கழித்து எடுக்கும் படங்கள்தான் முக்கியம். தசையில் தழும்பு இருந்தால் அந்த மருந்து அங்கே தேங்கி வெள்ளையாகத் தெரியும். எனக்குத் தழும்பு இல்லை. தேற நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று மருத்துவர் சொன்னபோதுதான் அழுதேன்.

மூன்று மாதம் மாத்திரை, உப்புக் கட்டுப்பாடு, தினமும் காலையில் எடை பார்த்து எழுதுவது. அதற்குப் பிறகும் பம்பிங் 35-ஐத் தாண்டாவிட்டால் நெஞ்சில் ஐ.சி.டி., அதாவது துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி, வைப்பது பற்றிப் பேசுவோம் என்றிருந்தார்கள். அளப்பவர் மாறினால் எண் சில புள்ளிகள் முன்னே பின்னே போகும் என்பதால், மறு எக்கோவையும் பிடிவாதமாக முதலில் எடுத்த இடத்திலேயே எடுத்தேன்.

திரையை என் பக்கம் திருப்பச் சொன்னேன். மறுபடியும் இரண்டு கோடு. இந்த முறை சுருங்கிய கோடு நன்றாக உள்ளே போயிருந்தது. 43.