மேல் பார்வை ஏன் கீழே இருக்கிறது?

முதல் வருஷ இன்ஜினியரிங் டிராயிங் வகுப்பில் டிராஃப்டரை (கோடு போட உதவும் அளவுகோல் கருவி) பலகையில் மாட்டி, ஷீட்டைக் கோணாமல் ஒட்டுவதற்கே பாதி நேரம் போய்விடும். மெல்லிய கோட்டுக்கு 2எச் பென்சில், எழுத்துக்கு எச்பி, அதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பழகாதது புரொஜெக்ஷன்தான், அதாவது ஒரு பொருளை முன்னாலிருந்தும் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்துத் தனித்தனிப் படமாக ஒரே தாளில் வரைவது. மேலிருந்து பார்த்ததை ஏன் கீழே வரைய வேண்டும்?

பொருளை ஒரு சுவருக்கு முன்னால் வைத்து, தெரிவதைப் பின்னால் இருக்கும் சுவரில் பதிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் அது தரையில்தானே விழும்? தரையைக் கீழ்நோக்கி மடக்கினால் மேல் பார்வை கீழே வந்துவிடுகிறது, அதே கணக்கில் இடப்பக்கப் பார்வை வலப்பக்கம் போகிறது. இது ஃபர்ஸ்ட் ஆங்கிள், இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வழக்கம். அமெரிக்காவில் தேர்டு ஆங்கிள். அங்கே பொருளுக்கும் நமக்கும் நடுவில் கண்ணாடி இருப்பதாகக் கணக்கு, அதனால் மேல் பார்வை மேலேயே இருக்கும் (எனக்கென்னவோ இதுதான் இயல்பாகப் படுகிறது).

வேலைக்குப் போன புதிதில் ஒரு அமெரிக்க டிராயிங்கை ஃபர்ஸ்ட் ஆங்கிள் என்று நினைத்துப் படித்து, பிராக்கெட்டின் துளையை எதிர்ப்பக்கம் போட வைத்துவிட்டேன். டைட்டில் பிளாக்கில் (டிராயிங்கின் விவரக் கட்டம்) எந்த ஆங்கிள் என்று காட்டும் குறியான தலை வெட்டிய கூம்பும் இரண்டு வட்டங்களும் தெளிவாகவே இருந்தன, நான்தான் பார்க்கவில்லை. பன்னிரண்டு பீஸும் ஸ்கிராப்.